பொம்மைக்கு மேனி பூசுகிறவர்கள்

ஆறடி மனிதனை ஆறில் ஒரு பங்காகச் சுருக்கினால் ஓரடி உயரம். தாடையிலிருந்து உச்சி வரை தலை முழுவதும் நாலு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். கண் ஐந்து மில்லிமீட்டர் அகலம் இருந்தால் அதிகம். அப்படி ஒரு தலையைக் கையில் எடுத்துப் பார்க்கிறவர்கள், 'எப்படிச் செதுக்கியிருக்கிறான் பார்' என்றுதான் முதலில் வியக்கிறார்கள். அதே தலையை வண்ணம் ஏற்றாமல் வெறும் சாம்பல் நிற ரெசினாகக் காட்டினால், அது எந்த நடிகர் என்று சொல்லப் பலர் திணறுவார்கள். 'அச்சு அசலாக இருக்கிறது' என்று நம்மைச் சொல்லவைப்பதில் செதுக்கியவருக்குப் பாதிப் பங்கு. மறுபாதி, தோல் பூசியவருக்கு.

சினிமாப் பாத்திரங்களையும் வரலாற்று வீரர்களையும் இப்படிச் சிறு உருவங்களாக வாங்கிச் சேர்ப்பது இன்று உலகெங்கும் பெரிய பொழுதுபோக்கு. 1964-இல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ஜி.ஐ. ஜோ என்ற ஓரடி ராணுவ வீரன் பொம்மையைக் கொண்டுவந்தது. கன்னத்தில் ஒரு தழும்பு, தீட்டிய புருவம், தீட்டிய உதடு. குழந்தைகளுக்கு அது போதுமானதாக இருந்தது. அந்தக் குழந்தைகள் வளர்ந்தார்கள். அவர்களுக்காகவும் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்காகவும் அதே ஓரடி அளவில் வேறு வகை உருவங்கள் வந்தன. ஹாங்காங்கில் 2000-இல் தொடங்கிய ஹாட் டாய்ஸ் இதில் பெயர்பெற்றது. அதன் விவரக் குறிப்புகளில் தலையைச் செதுக்கியவர் பெயர் தனியாகவும், வண்ணத்தை இயக்கியவர் பெயர் தனியாகவும் இருக்கும். வண்ணத்தை இயக்கும் ஜே.சி. ஹாங் என்ற பெயரைப் பார்த்தே உருவம் வாங்குகிற சேகரிப்பாளர்கள் உண்டு. சினிமா போஸ்டரில் ஒளிப்பதிவாளர் பெயரைத் தேடிப் பார்க்கும் ரசிகர்களின் குணம் இது.

செதுக்கியவருக்கும் பூசியவருக்கும் தனித்தனிப் பெயர் கொடுப்பது புது வழக்கம் என்று தோன்றலாம். நானூறு ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயினின் செவில் நகரத்தில் இதற்காகச் சண்டையே நடந்திருக்கிறது.

அந்த ஊரில் மரச்சிற்பிகளும் ஓவியர்களும் வேறு வேறு தொழிற்சங்கத்தார். சிற்பி மரத்தில் உருவத்தைச் செதுக்கி, வெள்ளைப் பூச்சு கொடுத்து அனுப்புவார். அதற்குத் தோலும் ரத்தமும் ஏற்றும் உரிமை, தேர்வில் தேறி உரிமம் பெற்ற ஓவியருக்கு மட்டுமே. தோல் தீட்டும் வேலைக்கு 'என்கார்னசியோன்' என்று பெயர். உடல் எடுக்கவைப்பது என்று பொருள்படும். ஹுவான் மார்த்தினெஸ் மொந்தான்யேஸ் அக்காலச் சிற்பிகளில் முதல் வரிசையில் நின்றவர். அவர் 1603-இல் ஒப்பந்தமாகிச் செதுக்கிய 'கருணையின் கிறிஸ்து' இன்றும் செவில் பேராலயத்தில் இருக்கிறது. கிறிஸ்து உயிரோடு இருக்க வேண்டும், காலடியில் மண்டியிட்டு வேண்டுகிறவரை நேராகப் பார்த்துப் பேசுவதுபோல் இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் எழுதிய நிபந்தனை. அந்த மரத்துக்கு மேனி பூசியவர் பிரான்சிஸ்கோ பச்சேகோ. ஓவியர் வெலாஸ்கெஸுக்குக் குருவும் பின்னாளில் மாமனாருமான அதே பச்சேகோ.

தோலைத் தீட்ட அன்றைக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, எண்ணெய் வண்ணத்தைப் பூசித் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று மெருகேற்றுவது. மற்றது, மெருகே இல்லாமல் மங்கலாக விடுவது. பச்சேகோ இரண்டாவது கட்சி. பளபளப்பான மேனியை அவர் மெருகு போட்ட பீங்கான் தட்டோடு ஒப்பிட்டுக் கண்டித்தார். அவர் சொன்ன காரணம் இன்றைக்கும் பொருந்தும். மெருகேறிய முகத்தில் கோயில் விளக்கின் ஒளி பட்டுத் திரும்பிவிடுகிறது. பார்க்கிறவர் கண்ணுக்குக் கிடைப்பது விளக்குதான், முகம் இல்லை. மங்கலான பூச்சில்தான் கன்னக் குழிவும் கண்ணடிச் சுருக்கமும் தெரியும். இன்று வண்ணம் தெளிக்க ஏர்பிரஷ் பிடிக்கிறவர்கள் வேலை முடிந்ததும் மினுங்காத மேட் வார்னிஷ் அடிப்பது இதே காரணத்துக்காகத்தான்.

சண்டை 1622-இல் வெடித்தது. ஒரு மடத்தின் பலிபீட வேலையை மொந்தான்யேஸ் செதுக்கல், வண்ணம் இரண்டுக்கும் சேர்த்துத் தானே ஒப்பந்தம் எடுத்துக்கொண்டார். பச்சேகோ பொறுக்கவில்லை. ஓவியரின் உரிமையைச் சிற்பி பறிக்கிறார் என்று வாதாடி ஒரு பிரசுரமே எழுதினார். கூலிப் பங்கீடும் அதில் ஒரு காரணம்தான். ஆனாலும் அவர் கேட்டது நியாயம். தோல் என்பது செதுக்கி முடித்த பிறகு மேலே ஏற்றுகிற அலங்காரம் இல்லை. அது தனிக் கலை, அதைச் செய்கிறவருக்குத் தனிப் பெயர் வேண்டும்.

இன்னும் பின்னால் போனால், கிரேக்கச் சிற்பி பிராக்ஸிடெலீஸைப் பற்றி ரோமானிய எழுத்தாளர் பிளினி ஒரு செய்தி சொல்கிறார். உங்கள் பளிங்குச் சிலைகளில் உங்களுக்கு எது பிடிக்கும் என்று கேட்டார்களாம். ஓவியர் நிக்கியாஸ் கைவைத்தவை என்று பதில் சொன்னாராம். இன்று வெள்ளைப் பளிங்காக நாம் பார்க்கும் கிரேக்கச் சிலைகள் ஒரு காலத்தில் வண்ணத்தோடு நின்றவை.

சரி, தோலைப் பூசுவதில் அப்படி என்ன கஷ்டம்? கடையில் சதை நிறம் என்று புட்டியில் விற்கிறார்களே, அதை அடித்தால் ஆகாதா?

ஆகாது. டார்ச் விளக்கை உள்ளங்கைக்குள் மூடிப் பிடித்துப் பார்த்தால் காரணம் விளங்கும். விரலிடுக்கில் சிவப்பொளி கசியும். ஒளி தோலில் பட்டதும் அப்படியே திரும்பி வருவதில்லை. அதில் ஒரு சிறு பங்கு, சுமார் 4 சதவீதம், மேற்பரப்பிலேயே தெறித்துவிடுகிறது. மிச்சம் உள்ளே புகுந்து, மேல்தோலின் மெலனினிலும் அடித்தோலின் ரத்தத்திலும் மோதிச் சிதறி, நிறம் மாறி, புகுந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி வெளியே வருகிறது. நீலஒளி சீக்கிரம் அடங்கிவிடும். சிவப்பொளி அதிகத் தொலைவு பயணம் போகும். அதனால்தான் மாலை வெயில் பின்னாலிருந்து அடித்தால் காது மடல் சிவந்து ஒளிர்கிறது. சுண்ணாம்பு அடித்த சுவரில் படும் ஒளிக்கும் நுங்கில் படும் ஒளிக்கும் உள்ள வித்தியாசம்தான், ஒற்றை வண்ணம் அடித்த பொம்மைக்கும் உயிருள்ள முகத்துக்கும் உள்ளது.

கணினி வரைகலைக்காரர்களும் இதே இடத்தில்தான் முட்டிக்கொண்டு நின்றார்கள். தொடக்ககால அனிமேஷன் மனிதர்கள் பிளாஸ்டிக் மாதிரி இருந்ததற்குக் காரணம், ஒளி தோலுக்குள் போய்வருவதைக் கணக்கில் எடுக்காததுதான். ஹென்ரிக் வான் யென்சன், ஸ்டீவ் மார்ஷ்னர், பாட் ஹன்ரஹான் உள்ளிட்டோர் 2001-இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு நடைமுறைக்கு உதவும் கணக்கைக் கொடுத்தது. அடுத்த ஆண்டு 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' இரண்டாம் பாகத்தில் வந்த கோலம் என்ற பாத்திரத்தின் வெளிறிய தோல் நம்பும்படி இருந்ததற்கு இந்த அறிவியலும் துணை. பெயர் சொன்ன மூவருக்கும் 2004-இல் ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது.

கணினி கணக்குப் போடுகிறது. பொம்மைக்கு வண்ணம் பூசுகிறவரிடம் கணக்கு கிடையாது. ஒளி ஊடுருவாத பிளாஸ்டிக்கும் சில வண்ணப் புட்டிகளும்தான் உண்டு. ஒளி உள்ளே போய் வந்ததுபோல் அவர் கண்ணை ஏமாற்ற வேண்டும். அதற்கு அவர் தோலை உள்ளிருந்து வெளியே, அடுக்கடுக்காகக் கட்டுகிறார்.

முதல் வேலை கழுவுவது. ரெசின் உருவம் அச்சிலிருந்து எளிதில் கழன்று வருவதற்காகத் தடவிய வழுக்குப் பூச்சு அதன் மேல் ஒட்டியிருக்கும். பாத்திரம் துலக்கும் சோப்பும் பழைய பல் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்துக் காயவைக்காவிட்டால், பின்னால் வண்ணம் தோல் தோலாக உரியும். காய்ந்த பின் பிரைமர். பிரைமருக்கு மேல் உடனே சதை நிறம் வராது. நிஜத் தோலுக்கு அடியில் என்னென்ன இருக்கிறதோ அதெல்லாம் முதலில் வர வேண்டும்: ரத்தச் சிவப்பு, நரம்பு ஓடும் நீலப்பச்சை, கொழுப்பின் மஞ்சள்.

இந்தக் கட்டத்தில் உருவம் பார்க்க அலங்கோலமாக இருக்கும். 0.2 அல்லது 0.3 மில்லிமீட்டர் துளையுள்ள ஏர்பிரஷ்ஷில், நன்றாக நீர்க்கவைத்த வண்ணத்தை 10 முதல் 20 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் விட்டு, முகம் முழுக்க நெளிநெளியாகக் கிறுக்குவார்கள். முதலில் சிவப்பில் ஒரு வலை, அதன் இடைவெளியில் நீலம், பிறகு மஞ்சள். ஒரு நெளிவு இன்னொன்றைப் போல் இருக்கக் கூடாது. ஒழுங்கு தெரிந்துவிட்டால் தோல் துணியாகிவிடும். நெற்றிப்பொட்டில் ஒரு நரம்பு, கண்ணுக்குக் கீழே ஊதா சாயல், மூக்கு நுனியிலும் காது மடலிலும் விரல் முட்டியிலும் கூடுதல் சிவப்பு.

இதற்குப் பிறகுதான் சதை நிறம். அதுவும் கண்ணாடி போல் மெல்லிசாக, பூசியதே தெரியாத அளவுக்கு. ஒரு பூச்சு, காயவிடுதல், மறு பூச்சு. பத்துப் பதினைந்து முறை இப்படிப் போகும். ஒவ்வொரு பூச்சிலும் கீழே கிறுக்கியது கொஞ்சம் கொஞ்சமாக மறையும். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. ஒரு பூச்சு குறைந்தால் முகம் சொறி பிடித்ததுபோல் இருக்கும். ஒரு பூச்சு கூடினால் பாடுபட்டுப் போட்ட நரம்பெல்லாம் போய்ப் பழைய பொம்மையே மிஞ்சும். சரியான இடத்தில் நிறுத்தினால், சிவப்பு எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது, இருக்கிறது என்று மட்டும் கண்ணுக்குத் தெரியும்.

ஜப்பானில் வீட்டுப் பட்டறைகளில் உருவான 'கரேஜ் கிட்' கலைஞர்கள் இன்னொரு வழி கண்டுபிடித்தார்கள். அவர்கள் ரெசினையே தோல் நிறத்தில் வார்த்து, பிரைமர் போடாமல், ஒளி ஊடுருவும் வண்ணங்களை மட்டும் நிழல் விழும் இடங்களில் தெளிக்கிறார்கள். ரெசினுக்குள் ஒளி சற்றே புகுந்து திரும்புவதால் உருவம் தானே கதகதப்பாகத் தெரியும். தோலின் இயற்பியலுக்கு நெருக்கமான முறை இது. குறை ஒன்றுதான்: கீறலோ அச்சு இணைந்த கோடோ இருந்தால் மறைக்க வழியில்லை.

மச்சம், வெயில்புள்ளி, மயிர்க்கால் ஆகியவை கடைசியில் வரும். இங்கே அளவுக் கணக்கு மனதில் இருக்க வேண்டும். ஆறில் ஒரு பங்கு உருவத்தில் ஒரு மில்லிமீட்டர் புள்ளி வைத்தால், அது நிஜ முகத்தில் ஆறு மில்லிமீட்டர் மச்சம். சாதாரண வெயில்புள்ளி நிஜ முகத்தில் இரண்டு மில்லிமீட்டர் என்றால், பொம்மையில் அது மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். விவரம் சேர்க்கும் ஆசையில் துளை துளையாகத் தோல் துவாரங்களைத் தீட்டிவிடுவார்கள். அருகில் படமெடுத்தால் அசத்தலாக இருக்கும். அலமாரியில் வைத்து நாலடி தள்ளிப் பார்த்தால் அம்மை வார்த்த முகம். எதைத் தீட்டக் கூடாது என்று தெரிந்தவரே தேர்ந்தவர்.

பிறகு வார்னிஷ். முகம் முழுக்க மேட். மூக்கு நுனி, நெற்றி நடு, கீழிமை ஓரம் ஆகியவற்றில் லேசான மினுமினுப்பு. கீழுதட்டிலும் கண்ணிலும் மட்டும் முழுப் பளபளப்பு. முகத்தில் ஈரம் இருக்க வேண்டிய இடத்தில் ஈரம் இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல தோலும் இறந்த தோலாகத் தெரியும். ரெசினைத் தேய்க்கும்போது பறக்கும் தூசியும் ஏர்பிரஷ் புகையும் நுரையீரலுக்குக் கேடு என்பதால், இத்தனைக்கும் முகமூடி கட்டாயம்.

அளவு பெரிதாகும்போது வண்ணம் மட்டும் போதாமல் போகிறது. கியோத்தோவில் பிறந்த காசு ஹிரோ, ஒப்பனைக் கலைஞர் டிக் ஸ்மித்தைக் குருவாகக் கொண்டவர். ஸ்மித்தின் 80-ஆவது பிறந்தநாளுக்காக 2002-இல் அவர் முகத்தை நிஜத்தைப் போல் இரு மடங்கு அளவில் சிலிகானில் செய்தார். லிங்கன், ஆண்டி வார்ஹால் என்று வரிசை நீண்டது. 'டார்க்கெஸ்ட் ஹவர்' படத்தில் கேரி ஓல்ட்மனைச் சர்ச்சிலாக மாற்றி ஆஸ்கர் வாங்கியவரும் இவரே. சிலிகான் வேலையில் நிறம் மேலே பூசுவதோடு நிற்பதில்லை. ஒளி ஊடுருவும் சிலிகானுக்குள்ளேயே நிறமும் பொடி இழைகளும் கலக்கப்படுகின்றன. சிவப்பு இழைகள் உள்ளே மிதந்து நுண்ணிய ரத்தக்குழாய்களாகத் தெரியும்.

இவ்வளவு சொன்ன பிறகும், நம்மைப் போன்றவர்களின் தோலை இந்த உலகம் எப்படித் தீட்டியிருக்கிறது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது.

நம் ஊர்க் குழந்தைகள் வண்ணப் பென்சில் பெட்டியில் 'ஸ்கின் கலர்' என்று எடுப்பது வெளிறிய இளஞ்சிவப்பை. வகுப்பில் ஒரு குழந்தைக்கும் அந்த நிறம் இருக்காது. அமெரிக்காவின் கிரேயோலா நிறுவனம் 'சதை' என்ற பெயரில் விற்ற கிரேயானுக்கு 1962-இல் 'பீச்' என்று பெயர் மாற்றியது. மனிதத் தோல் நிறங்களுக்கென 24 கிரேயான்கள் கொண்ட பெட்டியை வெளியிட்டது 2020-இல். பொம்மைகளின் கதையும் இதுதான். 1965-இல் வந்த முதல் கறுப்பின ஜி.ஐ. ஜோ, வெள்ளையர் முகத்துக்குச் செய்த அதே அச்சில் பழுப்பு வண்ணம் அடித்தது. 1967-இல் பார்பி வரிசையில் வந்த பிரான்சி பொம்மையின் கறுப்பின வடிவமும் அதே மாதிரி. எலும்பமைப்பு ஒருவருடையது, வண்ணம் இன்னொருவருடையது.

முகத்தைச் சரியாகச் செதுக்கும் காலம் வந்த பிறகும் வண்ணத்தில் குறை தொடர்ந்தது. வெளிர் தோலுக்குக் கற்ற முறையை எடுத்து, நிழலுக்குக் கறுப்பும் வெளிச்சத்துக்கு வெள்ளையும் கலந்தால் கரிய தோல் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கிடைப்பது சாம்பல் படிந்த முகம். காரணம் முன்னே சொன்ன அந்த 4 சதவீதத்தில் இருக்கிறது. மேற்பரப்பில் தெறிக்கும் ஒளி எல்லாத் தோலுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். கரிய தோலில், உள்ளே போன ஒளியை மெலனின் அதிகமாக விழுங்கிக்கொள்வதால், அந்தத் தெறிப்பு தனித்து எடுப்பாகத் தெரிகிறது. அதன் நிறம் தோலின் நிறம் அன்று, விளக்கின் நிறம். திறந்த வெளியில் நிற்கும் கரிய முகத்தின் கன்ன மேட்டில் வானத்தின் நீலம் இருக்கும்.

தெரிந்தவர்கள் இதனால் வேறு வழியில் போகிறார்கள். அடியில் கறுப்புக்குப் பதில் கருஞ்சிவப்பும் ஊதாவும். நடுவில் பர்ன்ட் அம்பர், பர்ன்ட் சியன்னா என்ற பழுப்புகள், கொஞ்சம் ஆரஞ்சு. வெளிச்சத்தில் வெள்ளைக்குப் பதில் நீலம் கலந்த சாம்பல், அதுவும் மேடான இடங்களில் மட்டும். உள்ளங்கையும் உள்ளங்காலும் வெளிறியவை, ரேகை மட்டும் கருத்தது. நம் பக்கத்து முகங்களில் நெற்றியும் வாயோரமும் கண்ணடியும் கன்னத்தைவிடக் கருத்திருப்பது சாதாரணம். ஜேம்ஸ் கர்னி என்ற ஓவியர் 2010-இல் வந்த தம் புத்தகத்தில், முகத்தை நெற்றி மஞ்சள், நடு சிவப்பு, தாடை நீலச்சாம்பல் என்று மூன்று பட்டையாகப் பிரித்து விளக்குகிறார். வெளிறிய முகத்துக்கு அது அருமையான வழிகாட்டி. மாநிற முகத்துக்கு அதையே கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால் நெற்றி நெற்றியாக இராது.

இந்தியாவில் இதற்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. மேற்கு வங்கத்தின் கிருஷ்ணநகரில் கூர்ணி பகுதி மண்பொம்மைக் கலைஞர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உழவர், மீனவர், கைவினைஞர் என்று உண்மை மனிதர்களைச் சிறு உருவங்களாகச் செய்து வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்கு அனுப்பினார்கள். கையில் ஏர்பிரஷ் இல்லாத காலத்தில், வெயிலில் கருத்த முதுகையும் சுருங்கிய கழுத்தையும் நம்மூர் நிறத்திலேயே அவர்கள் தீட்டினார்கள். இன்று ரெசினில் வண்ணம் பூசும் இந்திய இளைஞர்கள் யூடியூபில் ஐரோப்பியக் கலைஞர்களைப் பார்த்துக் கற்கிறார்கள். அதில் தவறில்லை. மாதிரிக்கு ஒரு முகம் வேண்டும்போது மட்டும் திரையை விட்டுத் தலையை நிமிர்த்திப் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க வேண்டும்.

விலை கொடுத்து உருவம் வாங்குகிறவர்களுக்கு ஒரு சொல். விளம்பரப் படத்தில் இருப்பது கலைஞர் கையால் தீட்டிய மாதிரி. வீட்டுக்கு வருவது ஆலையில் செய்த பிரதி. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கலாம். பெட்டியைத் திறந்ததும் கண்ணையும் உடையையும் பார்ப்பதற்கு முன் காது மடலையும் விரல் முட்டியையும் உள்ளங்கையையும் பாருங்கள். அங்கேயும் கன்னத்தில் இருக்கும் அதே நிறம்தான் என்றால், அந்த உருவத்துக்கு வண்ணம் அடித்திருக்கிறார்கள், தோல் பூசவில்லை.